ஸகியா தட்டிய வரலாறு

கல்முனைக்குடியில் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கலியாணம் முடித்தவர்கள் தங்கள் அழைப்பிதழை இன்னும் வைத்திருந்தால், அதிலுள்ள எழுத்துக்களைத் தட்டியது பெரும்பாலும் ஸகியாதான். மணமக்கள் பெயர், நிக்காஹ் நேரம், வலீமா விருந்து நடக்கும் மண்டபம், அடியில் இரு வீட்டாரின் விலாசம். பதினொரு வருடம் ஓர் அச்சகத்தில் அவருக்கு இதுதான் வேலை. விசைப்பலகையைக் குனிந்து பார்க்க மாட்டார். வந்தவர் வாயால் சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டி முடித்துவிடுவார்.

அந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, 2004 சுனாமியில், கடல் ஊருக்குள் வந்தது. வீடும் போனது, வாப்பாவின் கடையும் போனது. அடுத்த வருடம் எழுத வேண்டியிருந்த சோதனையை எழுதாமல் அச்சகத்துக்குப் போனார். பிறகு கலியாணம், இரண்டு பிள்ளைகள். 2016இல் பிரதான வீதியோரத்துப் பொது நூலகத்தில் நூலக உதவியாளர் வேலை கிடைத்தது. பத்திரிகைகளை அடுக்குவது, புத்தகங்களுக்கு உறை போடுவது, இரவல் பதிவு எழுதுவது. அந்த நூலகத்தில் தினமும் பத்திரிகை வாசிக்கப் போகிறவன் நான். ஆறேழு வருடமாக ஸகியாவை எனக்குத் தெரிந்ததெல்லாம், சத்தமில்லாமல் நடக்கிற, கேட்ட புத்தகத்தை அலுமாரியில் தேடாமல் எடுத்துத் தருகிற ஒரு பெண் என்ற அளவில்தான். இனிச் சொல்லப் போவதில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதியை அவரும் சாரதாதேவி டீச்சரும் சொல்லக் கேட்டேன்.

சாரதாதேவி டீச்சர் காரைதீவு. தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் வரலாறு படிப்பிக்கிறவர். 2023 தொடக்கத்தில் ஒருநாள் நூலகத்துக்கு வந்து தரம் பத்து வரலாற்றுப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, இந்தப் புத்தகம் பெரிய எழுத்தில எங்கயும் கிடைக்குமா?”

“அப்பிடி ஒண்டு அடிக்கிறல்ல டீச்சர். ஏன், கண்ணாடி மாத்தணுமா?”

“கண்ணாடிக்கு மிஞ்சிப்போயிட்டு.”

கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். இரண்டு கண்ணிலும் ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டு வந்தது. போனது இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஸகியா புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாகப் பெருப்பித்துப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் மேசை விரிப்பு அளவுக்கு வந்தது. அதை வைத்து டீச்சர் ஐந்து மாதம் சமாளித்தார்.

ஆடி மாதம் அவர் மறுபடி வந்தபோது ஆட்டோக்காரர் கையைப் பிடித்துப் படியேற்றிவிட வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த அந்தப் பெரிய தாள்கட்டை மேசையில் வைத்தார்.

“இனி இது தேவல்ல ஸகியா. எழுத்து ஒண்டும் தெரியுதில்ல. அதிபர் நல்ல மனிசன், பக்குவமாத்தான் சொன்னவர். வைத்தியச் சான்றிதழோட ஓய்வுக்கு எழுதிக் குடுங்க டீச்சர் எண்டார்.”

“நீங்க என்ன சென்னீங்க?”

“இருவத்தொரு வருசம் படிப்பிச்சிட்டன், பாடம் எனக்குள்ள இரிக்கு எண்டன். புத்தகம் மாறிட்டே, புது அலகெல்லாம் வந்திட்டே, வாசிக்காம எப்பிடிப் படிப்பிப்பீங்க எண்டு கேட்டார்.”

பத்திரிகை விரித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலைந்து பேரும் தலை நிமிரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஸகியா, டீச்சரின் போனைக் கையில் வாங்கினார். திரையில் இருப்பதைப் போன் வாய்விட்டு வாசிக்கும் வசதி இருப்பது அவருக்குத் தெரியும். வயதான வாசகர் ஒருவருக்கு முன்பு அதைப் போட்டுக் கொடுத்திருந்தார். தேடித் தட்டி, ஒரு செய்தித் தளத்தைத் திறந்து வைத்தார். ஒரு பெண்குரல் கிழக்கு மாகாண வானிலையைத் தமிழில் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனது.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னொருக்கா போடுங்க.”

மூன்று தரம் அதே மழைச் செய்தியைக் கேட்டார்கள். பிறகு ஸகியா நூலகக் கணினியில் வரலாற்றுப் புத்தகத்தின் கோப்பு ஒன்றைத் தேடி எடுத்து, டீச்சரின் போனுக்கு அனுப்பித் திறந்தார். திரையில் எழுத்துக்கள் அழகான தமிழில் இருந்தன. போன் வாசிக்கத் தொடங்கியது.

“கொமா வை கியூ செமிகொலன் இஃப்.”

டீச்சர் முதலில் சிரித்தார். போன் நிறுத்தாமல் அப்படியே போனது. அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. “சரி ஸகியா, விடுங்க. தமிழ்ப் புத்தகத்துக்கு இது சரிவராது போல.”

ஸகியா விடவில்லை. முதலாவது சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அவருடைய வலது கை மேசைமேல் இருந்தது. போன் சொல்லச் சொல்ல விரல்கள் தாமாக அசைந்தன. கொமா. வை. கியூ. சட்டென்று எழும்பிவிட்டார்.

“டீச்சர், இது இலங்கை எண்டு சொல்லுது!”

“என்னது?”

“கொமா அடிச்சா எங்களுக்கு ‘இ’ வரும். வை அடிச்சா ‘ல’. பதினொரு வருசம் அடிச்ச கை டீச்சர் இது, எனக்குத் தெரியாதா? புத்தகம் அச்சக எழுத்தில இரிக்கி. உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் உடுப்பு. நம்மட கண்ணுக்கு உடுப்புத் தெரியுது, போனுக்கு உள்ளுக்க இரிக்கிறதுதான் தெரியுது.”

அவர் அவ்வளவு சத்தமாகக் கதைத்ததை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

ஒரு காலத்தில் தமிழ் தட்டிய எல்லாரும் அப்படித்தான் தட்டினார்கள். அதில் யாருடைய பிழையும் இல்லை. அந்தப் பழைய எழுத்தைப் போன் அறியும் புதிய எழுத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி இணையத்தில் சும்மா கிடைத்தது. ஸகியா அடுத்த நாளே முதலாவது பாடத்தை அதில் போட்டு எடுத்தார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அனுப்பியும் விட்டார். அன்று பின்னேரமே டீச்சர் அழைத்தார்.

“பாதி விளங்குது. மறுகா திடீரெண்டு பேய் பிடிச்ச மாதிரி எதையோ உளறுது.”

ஸகியா உட்கார்ந்து பார்த்தார். வெள்ளைக்காரத் தேசாதிபதிகளின் பெயர்களைப் புத்தகத்தில் ஆங்கிலத்திலும் போட்டிருந்தார்கள். கருவி அவற்றையும் பழைய அச்சக எழுத்து என்று எண்ணி மாற்றி, வாயில் நுழையாத சொற்களாக்கியிருந்தது. வரி முடிவில் உடைந்த சொற்கள் இரண்டு சொற்களாகக் கிடந்தன. சில பக்கங்கள் வெறும் படமாக இருந்ததால் போன் அங்கே ஊமையாகிவிட்டது. தரம் பத்து, தரம் பதினொன்று இரண்டு புத்தகத்தையும் ஒருவர் உட்கார்ந்து சொல் சொல்லாகத் திருத்த வேண்டும். படமாக இருந்ததைப் புதிதாகத் தட்ட வேண்டும்.

நூலகப் பொறுப்பாளர் ஆதம்பாவா சேர் சட்டம் தெரிந்த மனிதர். நூலகத்தில் வேலை செய்யும் கணினி ஒன்றே ஒன்றுதான்.

“ஸகியா, அந்தக் கணினி புத்தகப் பட்டியல் போடத் தந்தது. வருச முடிவில கணக்காய்வுக்கு வருவாங்க. பட்டியல் எங்க எண்டு கேட்டா நான் வரலாறு படிக்கிறதா?”

“பட்டியல நான் காலையில முடிக்கிறன் சேர். மத்தியானம் ஒரு மணிக்கும் மூண்டு மணிக்கும் இடையில இஞ்ச யாரும் வாறல்ல. அந்த நேரத்த மட்டும் தாங்க.”

“எழுத்துல கேளும். மேலிடத்துக்கு அனுப்புறன். அனுமதி வந்தாச் செய்யும்.”

கோபப்பட்டாரோ என்று நினைத்தோம். அப்படியில்லை, கடிதம் போய் பத்து நாளில் அனுமதி வந்தது, அவரே இரண்டு தரம் நேரில் போய்க் கேட்டிருக்கிறார். அனுமதி வந்த மறுநாள் மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டு வந்த ஆதம்பாவா சேர் ஒரு கதிரையை இழுத்து ஸகியாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“தட்டுறதும் நீ, பிழை பார்க்கிறதும் நீ எண்டா பிழை கண்ணுக்குத் தெரியா. புத்தகத்த இஞ்ச தா. நான் வாசிக்கிறன், நீ திரையைப் பார்.”

அன்றிலிருந்து வாசிகசாலையில் தினமும் இரண்டு மணித்தியாலம் வரலாறு கேட்டது. சேர் நல்ல கணீரென்று வாசிப்பார். ஸகியா இடையிடையே “நில்லுங்க சேர்” என்று நிறுத்தித் திருத்துவார். போகப் போக, மத்தியானத்தில் ஆளில்லாத நூலகத்துக்கு ஆள் வரத் தொடங்கியது. மீன் சந்தையில் வேலை முடித்த இரண்டு பேர் கண்டி இராச்சியம் விழுந்த கதையைக் கேட்க மூன்று நாள் தொடர்ந்து வந்தார்கள். நான்காம் நாள் சேர் வரி விதிப்பைப் பற்றிய பாடத்துக்குப் போனதும் எழும்பிப் போய்விட்டார்கள்.

படங்களில்தான் ஸகியா திணறினார். வரைபடம் வந்தால் போன் என்ன வாசிக்கும்? ஒவ்வொரு படத்தையும் சொற்களில் எழுதிப்போடுவது என்று முடிவாயிற்று. பண்டைய நீர்ப்பாசன வரைபடத்துக்கு அவர் எழுதியது இது: நீல நிறக் கோடுகள் ஆறுகளைக் காட்டுகின்றன, சிறிய நீலப் பகுதிகள் குளங்களைக் காட்டுகின்றன. சனிக்கிழமை வந்த டீச்சர் போனில் அதைக் கேட்டுவிட்டு இல்லையென்று தலையாட்டினார்.

“இத வச்சி நான் என்ன செய்யிற? கோடு நீலமா இரிந்தா என்ன, பச்சையா இரிந்தா என்ன? எங்க தொடங்குது, எந்தப் பக்கம் போகுது, எங்க முடியுது? அதச் சொல்லுங்க.”

ஸகியா மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். “அநுராதபுரம் நாட்டுட நடுவுக்கு மேல, கொஞ்சம் இடப்பக்கம்...”

“ஓம், அப்பிடி.”

“அதுக்குக் கீழ, வலப்பக்கமாச் சாய்ஞ்சி கலா வாவி. அதிலரிந்து ஒரு வாய்க்கால் வெளிக்கிட்டு, வளைஞ்சி வளைஞ்சி மேல ஏறி அநுராதபுரத்துக்குப் போகுது.”

“ஏறிப் போகுதா? தண்ணி ஏறுமா ஸகியா?”

ஸகியா சிரித்துவிட்டார். வாப்பாவின் வழியில் அவர்களுக்கும் வயல் இருந்தது. தண்ணீர் எப்படிப் பாயும் என்று அவருக்குத் தெரியும். “படத்தில மேல டீச்சர், வடக்குப் பக்கமா. நிலம் கொஞ்சம் கொஞ்சமாப் பள்ளம் எண்டுதான் வாய்க்கால் அங்கால போகுது.”

“இதத்தான் எழுதணும். பார்க்கிற பிள்ளைகளுக்கே இது விளங்கிறல்ல.”

அன்று முழுவதும் அந்த ஒரு படத்துக்குப் போனது. பிறகு ஸகியாவுக்குப் பிடிபட்டுவிட்டது. தான் அந்தத் தண்ணீருக்குள்ளே போகிற மாதிரி நினைத்துக்கொண்டு எழுதுவதாகச் சொன்னார். மார்கழிக்குள் இரண்டு புத்தகமும் முடிந்தன. ஒவ்வொரு பாடமாக டீச்சரின் போனுக்குப் போயின. ஓய்வுக் கடிதத்தை டீச்சர் எழுதவேயில்லை.

ஆனாலும் அதிபருக்குப் பொறுப்பு இருந்தது. பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, வரலாற்றுப் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர் ஜீவராஜை வரச்சொல்லியிருந்தார். 2024 தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை. அன்று நீங்களும் வகுப்புக்கு வரவேண்டும் என்று டீச்சர் ஸகியாவைக் கேட்டார். ஸகியா அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். உயர்தரத்தை விட்டபின் பாடம் கேட்க ஒரு வகுப்பறைக்குள் அவர் போனது அன்றுதான். பின்வாங்கில் ஜீவராஜ் சேருக்கு அருகில் உட்கார்ந்தார்.

டீச்சர் கரும்பலகைக்கு முன் நின்றார். ஒரு காதில் சின்ன இயர்போன், கையில் போன். பிள்ளைகளை இருக்கையைப் பார்த்து அழைக்கவில்லை, குரலை வைத்தே பெயர் சொன்னார். “எழுபத்தி நாலாம் பக்கம், மூண்டாவது பந்தி, வாசியுங்க” என்றார். பிள்ளை ஒரு வரியைத் தாண்டி வாசித்தபோது, “ஒரு வரிய விட்டிட்டீங்க” என்றார். ஜீவராஜ் சேர் தன் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விட்டுப்போயிருந்தது உண்மைதான்.

சிறிது நேரத்தில் அவர் எழுந்தார். “டீச்சர், மன்னிக்கணும். சோதனையில வரைபடம் கட்டாயம் வரும். அத எப்பிடிச் செய்யிறீங்க?”

ஸகியா வாங்கின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஒருத்தர் பலகைக்கு வாங்க” என்றார் டீச்சர். ஒரு மாணவி வந்தாள். இலங்கையின் வெளிக்கோட்டை வரையச் சொன்னார். பிறகு சுண்ணக்கட்டியை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். புத்தகத்தைப் பார்க்காமல் மாணவி குளம் குளமாக, ஆறு ஆறாக வரைந்தாள். கலா வாவியிலிருந்து வாய்க்கால் வளைந்து வளைந்து வடக்கே போனது. பின்வாங்கில் ஸகியா தான் எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜீவராஜ் சேர் புத்தகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். மகாவலி ஆறு கடலில் சேரும் இடம் மட்டும் கொஞ்சம் தெற்கே இறங்கியிருந்தது. அதுவும் டீச்சர் சொன்னதில் பிழையில்லை, பிள்ளையின் கை வழுக்கியதுதான்.

“நான் இருவது பள்ளிக்கூடம் பார்க்கிறன்” என்றார் அவர். “இந்தப் படத்த இப்பிடி ஆரும் படிப்பிச்சி நான் காணல்ல. இத உங்களுக்கு ஆர் எழுதித் தந்தது?”

டீச்சர் பின்வாங்கு இருந்த பக்கம் கையை நீட்டினார். “உங்களுக்குப் பக்கத்தில இரிக்கிறவங்கதான்.”

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் ஸகியா எழும்பினார், உடனே உட்கார்ந்தார்.

ஜீவராஜ் சேர் அறிக்கையில் என்ன எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியாது. டீச்சர் அதே பள்ளிக்கூடத்தில் அதே வகுப்புகளைத் தொடர்ந்தார், அது தெரியும். அடுத்த கிழமை ஜீவராஜ் சேர் நூலகத்துக்கு நேரில் வந்து கோப்புகளைக் கேட்டார். வினாயகபுரத்தில் தர்மிகா என்றொரு பிள்ளை, பிறவியிலேயே பார்வை இல்லாதவள், தரம் பதினொன்றின் முடிவில் வரும் சாதாரணதரச் சோதனை எழுத இருந்தாள். தாய் தினமும் பாடத்தை வாசித்துக் காட்டுவார். கடற்கரை மீன்வாடிக்கு வேலைக்குப் போகிற நாளில் அதுவும் இல்லை. ஸகியா இரண்டு புத்தகத்தையும் அனுப்பிவிட்டார். ஒரு மாதத்தில் தர்மிகாவே போன் எடுத்தாள்.

“அன்ரி, நீங்கதானே படமெல்லாம் எழுதினீங்க? இவ்வளவு நாளும் படம் வந்தா அம்மா ‘இதில ஒரு படம் இரிக்கு’ எண்டு சொல்லிட்டுப் போயிருவா. இலங்கை எப்பிடி இரிக்கும் எண்டு எனக்கு இப்பதான் தெரியும்.”

ஸகியா அதற்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். “நல்லாப் படிங்க மகள் எண்டு செல்லிப் போன வச்சிட்டன்” என்றார்.

பிறகு வேறு பாட ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களிடம் வருடக்கணக்காகத் தட்டிவைத்த குறிப்புகள், மாதிரி வினாத்தாள்கள் இருந்தன. எல்லாம் பழைய எழுத்தில். ஒருவர் அனுப்பினால் மற்றவரின் போனில் வெறும் இங்கிலீஷ் எழுத்தாகத் தெரியும். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஸகியா அவர்களைக் கணினிக்கு முன் இருத்தி, மாற்றுவதையும் பிழை பார்ப்பதையும் காட்டிக் கொடுத்தார். உயர்தரச் சோதனையை எழுதாத பெண்ணுக்கு முன் பட்டதாரி ஆசிரியர்கள் கொப்பியும் பேனையுமாக இருந்தார்கள். “இதச் சரியாச் செய்யாட்டிப் போன் உங்களப் பார்த்து உளறும் சேர்” என்று அவர் அதட்டுவதைக் கேட்க எங்களுக்கு நல்ல சந்தோசம்.

இதெல்லாம் வீட்டிலும் தெரியத்தான் வந்தது. கணவர் பஸால் துணிக்கடை வைத்திருக்கிறார். சாரம் வாங்க வருகிறவரிடம்கூட, “என்ட மனிசி வரலாற்றுப் புத்தகம் முழுக்கத் தட்டினவ” என்று சொல்லிவிடுவார். கடையில் போய் ஸகியா சண்டை பிடித்தும் நிற்கவில்லை.

புரட்டாதி மாதத்தில் சாதாரணதரப் பெறுபேறு வந்தது. காலை பத்து மணியிருக்கும். நூலகத்தில் எங்களோடு சேர்த்து இருபது பேர் வரை. ஸகியாவின் போன் அடித்தது. அவர் வெளியே போய்க் கதைக்கிற ஆள். அன்று போகவில்லை. மேசைக்குப் பின்னால் நின்றபடியே “ஓம் டீச்சர்... ஓம்... அல்ஹம்துலில்லாஹ்” என்றார். சாரதாதேவி டீச்சரின் வகுப்பில் வரலாறு எழுதிய நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தொரு பேர் சித்தியடைந்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஏ தரம். பேசி முடித்து வைக்க முன்பே மற்ற அழைப்பு வந்தது. தர்மிகாவின் தாய். தர்மிகாவுக்கும் ஏ.

ஸகியா உள்ளே போய் ஆதம்பாவா சேரிடம் சொன்னார். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிகசாலைக்கு வந்தார். சத்தம் போடாதீர்கள் என்று எழுதித் தொங்கவிட்ட பலகைக்குக் கீழே நின்று, இரண்டு புத்தகத்தையும் வாசித்த அதே கணீர்க் குரலில் பெறுபேறு முழுவதையும் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். மீன் சந்தைக்காரர் இருவரில் ஒருவர் அன்றும் வந்திருந்தார். அவர்தான் முதலில் தட்டினார்.

புதிதாக வந்த வாசகர் ஒருவர், கையில் விரித்த பத்திரிகையோடு, “என்ன விசயம்? இதெல்லாம் யாரு செஞ்ச?” என்று கேட்டார்.

எப்போதும் சேரைக் காட்டிவிட்டு ஒதுங்குகிற ஸகியா அன்று ஒதுங்கவில்லை.

“நான்தான் செஞ்ச” என்றார். “கூட இரிந்து வாசிச்சது சேர். பிழை கண்டு சென்னது காரைதீவு டீச்சர். தட்டினது நான்.”

அந்த மனிதர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தன் மகளின் விஞ்ஞானக் குறிப்புகளையும் இப்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். ஸகியா சனிக்கிழமை மூன்று மணிக்குக் கொண்டுவரச் சொல்லி, அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.